பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறீர்களா? முதலில் கதவுக்குக் கீழே பாருங்கள்

வாசகர் கேள்விக்கு வாகன மதிப்பீட்டாளரின் பதில்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் விரிவாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. மாங்கூழ் ஆலைகளுக்குப் பழம் அனுப்பும் வியாபாரம். கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே இரண்டு சீட்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. இப்போது பெங்களூரில் 1971ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் கூரையில்லாத கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கேட்கும் விலை 16.5 லட்சம். விற்பவரின் அப்பா வைத்திருந்த கார் அது. அவர் மங்களூரில் வேலை பார்த்தபோது பல ஆண்டுகள் அங்கே ஓடியது. பிறகு பெங்களூரு வீட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டது. அப்பா காலமாகிவிட்டார், ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் "வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன்" என்கிறாராம் மகன். அவருக்கு இரண்டு சகோதரிகள், ஒருவர் வெளிநாட்டில். பதிவும் காப்பீடும் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. விற்பதற்காகப் புதிதாகச் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடிக்கிறது. கதவுக்குக் கீழேயும் முன் மட்கார்டின் கீழ் முனையிலும் சில கொப்பளங்கள் தெரிகின்றன.

"சின்னத் துருதானே சார், நம்ம ஊர் டிங்கர் ரெண்டு நாள்ல முடிச்சிட மாட்டாரா? லண்டன்ல இதோட விலையை ரூபாயில மாத்தி, சுங்க வரியையும் சேர்த்தா இது மலிவுதானே? விண்டேஜ் காருக்குத் தர்ற வி.ஏ. நம்பர் வாங்கிட்டா கௌரவமா ஓட்டலாமே? ஏதாவது தப்புன்னா நுகர்வோர் கோர்ட் இருக்கே?" என்று கேட்கிறார். கையில் 14 லட்சம் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்க நினைக்கிறார். மனைவி, "கார் வாங்குங்க, நகையைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டாராம். கோயம்புத்தூரிலிருந்து வேறு ஒருவர் பார்க்க வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்குள் 50,000 அட்வான்ஸ் கொடுத்தால் நிறுத்தி வைப்பதாகவும் விற்பவர் சொல்லியிருக்கிறார். பணத்தைக் கொடுத்த கையோடு காரை ஓட்டிக்கொண்டு அத்திப்பள்ளி, ஓசூர் வழியாக வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது இவருடைய திட்டம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். எளிமையான இயந்திரம், வலது பக்க ஸ்டியரிங், உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ரகம் அதிகம் இல்லை. ஆகவே இந்த ரகம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தக் குறிப்பிட்ட காருக்கு, இந்த நிலையில், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில்.

நீங்கள் பெயின்ட்டைப் பார்த்தீர்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டீர்கள், விலையைப் பேசினீர்கள். பேப்பரும் பாடியும் கடைசியில் நிற்கின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எஞ்சின் கெட்டால் பிரித்துச் செய்யலாம். பெயின்ட் மங்கினால் அடித்துக்கொள்ளலாம். பாடி உளுத்துப்போயிருந்தால் காரின் விலையையே விழுங்கும் செலவு வரும். பேப்பர் இல்லையென்றால் எவ்வளவு செலவு செய்தாலும் அது சாலைக்கு வராது.

அந்தக் கொப்பளத்தைப் பற்றி

இந்த இடங்களில் பெயின்ட் கொப்பளம் பெரும்பாலும் வெளியிலிருந்து உண்டாவதில்லை. தகட்டின் உள்பக்கத்தில் ஈரம் தங்கி, இரும்பு துருவாகி உப்பி, அந்தத் துரு தகட்டைத் தின்றுவிட்டு வெளியே வரும்போதுதான் பெயின்ட் தூக்கிக்கொள்கிறது. நீங்கள் கண்ணால் பார்ப்பது துருவின் கடைசிக் கட்டம். அதுவும் புது பெயின்ட் அடித்த கொஞ்ச நாளிலேயே கொப்பளம் வந்திருக்கிறது என்றால், அடியில் இருந்த துருவை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கரையான் அரித்த தூணுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

இந்தக் காரில் அந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். லாரிக்கும் ஜீப்புக்கும் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம் உண்டு. பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால், காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பதில் பெரும் பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு பெட்டிகளுக்குத்தான். சில் என்று சொல்லப்படும் இந்தப் பெட்டிக்குள் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்குகள் இருக்கின்றன. முன் சக்கரம் வாரியிறைக்கும் சேறு மட்கார்டின் பின்மூலையில் போய் அடைந்துகொள்ளும். வெயிலில் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் விடாது. அங்கே தொடங்கும் துரு சில்லுக்குள் போய், நடுத்தகட்டைத் தின்று, கடைசியில் வெளியே தலைகாட்டும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு இடங்களும் அதே இடங்கள்தான்.

"டிங்கர் ரெண்டு நாள்ல முடிச்சிடுவார்" என்றால், வெளித்தகட்டின்மேல் ஒரு பேட்ச் வைத்து வெல்டிங் அடித்து, பட்டி போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பலம் இருக்காது. முறையாகச் செய்ய வேண்டுமானால் போல்ட் போட்டிருக்கும் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். பாடி வளையாமல் இருக்கக் கதவு வாசலின் குறுக்கே கம்பி வைத்துப் பிடித்துக்கொண்டு, அடுக்கு அடுக்காக வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தகட்டையும் வெட்டித்தான் சில்லின் பின்முனைக்குப் போக முடியும். இது வாரக்கணக்கில் ஆகும் வேலை. இப்படிப் பாடியே சேசிஸாக இருக்கும் மோனோகாக் பாடியில் அனுபவம் உள்ள டிங்கர் வேண்டும். பேருந்து பாடி கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதவு இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் நிற்க வேண்டிய வேலை வேறு வகை.

"நம்ம பக்கம் காஞ்ச பூமி, பெங்களூரும் கடற்கரை இல்லை, துரு எப்படி வரும்?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மங்களூரில் ஓடிய ஆண்டுகளை மறந்துவிட்டீர்கள். கடல் காற்றின் உப்பும், மாதக்கணக்கில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையும் அங்கே உண்டு. அந்த உப்பு பெட்டிக்குள் தங்கிவிட்டால், கார் பிறகு தர்மபுரி வெயிலில் நின்றாலும் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். கொட்டகையில் கவர் போட்டு மூடி, மண் தரையில் நிறுத்திய கார் இன்னும் மோசம். தரையிலிருந்து எழும் ஈரம் கவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேரில் போனால் செய்ய வேண்டியவை

கதவு இடைவெளி: கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் போட்டோ எடுங்கள். பிறகு லிப்ட் அல்லது ஜாக்கியால் காரை மெல்ல உயர்த்தி மறுபடியும் எடுங்கள். இடைவெளி மாறினால், கதவு இடித்தால், திறக்கவே மறுத்தால், சில்லில் பலம் இல்லை. அதற்குமேல் இந்த விலையில் பேச வேண்டியதில்லை. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

காந்தம்: சில், மட்கார்டின் கீழ்ப்பாகம், பின்சக்கரத்தின் முன்னுள்ள தகடு என்று மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பானட்டில் மட்டும் காந்தம் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். ஆரம்ப ஆண்டுகளின் எம்ஜிபிக்கு அலுமினிய பானட் உண்டு, பிறகுதான் இரும்புக்கு மாறியது. சில்லின்மேல் பளபளவென்று ஸ்டீல் பட்டை பொருத்தியிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அழகுக்கும் பொருத்துவார்கள், ஓட்டையை மறைக்கவும் பொருத்துவார்கள்.

உள்ளேயும் அடியிலும்: தரைவிரிப்பைத் தூக்கி, டார்ச் அடித்து, தரைத் தகடு சில்லோடு சேரும் மூலையைப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே, இந்த ஆண்டுக் கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வைக்கும் பெட்டிகள் இருக்கும். ஆசிட்டும் தண்ணீரும் சேர்ந்து அவை ஓட்டையாவது சகஜம். அதற்குப் பக்கத்தில் பின் லீப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். விற்பவரின் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அங்கே திருப்புளி உள்ளே இறங்கினால், அதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வேகத்தில் போகும்போது ஸ்பிரிங் பிடி விட்டால் உயிருக்கே ஆபத்து. டிக்கித் தரை, பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம், கண்ணாடிக்குக் கீழே பாடியோடு சேரும் விளிம்பு ஆகியவற்றையும் பாருங்கள்.

அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு கனமாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய அழுக்கோடு இருக்கும் அடிப்பாகத்தை நான் அதிகம் நம்புவேன், அதில் எதையும் மறைத்திருக்க முடியாது.

எஞ்சின் விஷயம்

சாவி போட்டதும் எஞ்சின் பிடிப்பது நல்லதுதான். ஆனால் அது எந்த எஞ்சின் என்று பார்த்தீர்களா? எம்ஜிபிக்கு வந்தது 1798 சி.சி. கொண்ட பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 'பி' சீரிஸ் எஞ்சின். நம் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம். அதனால் நம் மெக்கானிக்குகளுக்கு இது கை பழகிய எஞ்சின், உங்களுக்குச் சாதகம். அதே காரணத்தால், அசல் எஞ்சின் போனபோது அம்பாசடர் எஞ்சினைத் தூக்கி வைக்கும் சபலமும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபியோடு வந்த எஞ்சினின் எண் 18 என்று தொடங்கும். 1971ஆம் ஆண்டு ரோட்ஸ்டரின் சேசிஸ் எண் 'ஜி.எச்.என்.5' என்று தொடங்க வேண்டும். இரண்டையும் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்து அது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜி தயாரிப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. கார் என்று கட்டப்பட்டது, எந்த நிறம், எந்த எஞ்சின் எண் என்று சான்றிதழ் தருவார்கள். அதை விற்பவரையே வாங்கித் தரச் சொல்லலாம்.

அரைமணி நேரம் எஞ்சினை ஓட விட்டு, சூடு ஏறியபின் ஆயில் பிரஷரைப் பாருங்கள். ஐடிலில் 10 முதல் 25 பி.எஸ்.ஐ., வேகம் கொடுத்தால் 50க்கு மேல் என்பது சரியான அளவு. நின்றே கிடந்த கார் என்பதால் பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். ஏற்காட்டுக்கு மனைவியோடு போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கி, பிறகு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கப்போகும் காருக்குப் பிரேக்கில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பேப்பர்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். ஆர்.சி. இறந்த அப்பாவின் பெயரில் இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை என்றால் கார் மகனுக்கு மட்டும் சொந்தமல்ல. தாய் இருந்தால் தாய்க்கும், இரண்டு சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. நாளை வெளிநாட்டிலிருக்கும் சகோதரி "என்னைக் கேட்காமல் விற்றுவிட்டார்கள்" என்று சொன்னால், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் கையெழுத்து மட்டும் போதாது.

முதலில் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அதை வைத்துப் படிவம் 31 மூலம் ஆர்.சி.யை மகன் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். புத்தகம் கிடைக்காவிட்டால் போலீசில் புகார் கொடுத்துப் படிவம் 26 மூலம் நகல் வாங்க வேண்டும். காலாவதியான பதிவைப் படிவம் 25 போட்டுப் புதுப்பிக்க வேண்டும். பிறகுதான் கர்நாடகத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு என்.ஓ.சி. என்ற ஆட்சேபமின்மைச் சான்று, படிவம் 28. கடைசியில் உங்கள் பெயருக்கு மாற்றும் 29, 30. பழைய பதிவுகள் பல, 'வாகன்' இணையதளத்தில் ஏறாமலே கிடக்கின்றன. எண்ணைப் போட்டு எதுவும் வரவில்லை என்றால், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே ஏற்றச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு படிவங்களைத் தவிர மற்ற எல்லாம் விற்பவர் தன் செலவில் முடிக்க வேண்டியவை.

இந்தச் செலவு சின்னது அல்ல. 20 ஆண்டைத் தாண்டிய இறக்குமதி நான்கு சக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 2025இல் மத்திய அரசு வைத்த கட்டணம் 80,000 ரூபாய். உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் 10,000. புதுப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் உண்டு. தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரியை கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓசூர் வழியாக ஓட்டிக்கொண்டு வரும் திட்டத்தை இன்றே கைவிடுங்கள். பதிவும் மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாத காரைப் பொதுச் சாலையில் எடுப்பதே குற்றம். வழியில் ஒருவர்மீது மோதிவிட்டால் நஷ்டஈட்டை உங்கள் சொத்திலிருந்து கொடுக்க வேண்டி வரும். டிரக்கில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

வி.ஏ. நம்பர் உங்களுக்குத் தேவையா?

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவில் இருக்கும் வாகனத்தை விண்டேஜ் என்று பதியலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருந்தால் தகுதி போய்விடும். எஞ்சின் எண்ணைப் பற்றி மேலே சொன்னதை இங்கேயும் நினைவில் வையுங்கள். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். 80,000 ரூபாயோடு ஒப்பிட்டால் மலிவாகத் தெரியும். ஏற்கெனவே எண் உள்ள கார் அந்தப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வி.ஏ. வரிசை புதிதாகப் பதியும் கார்களுக்குத்தான். ஆகவே நீங்கள் நினைக்கும் நம்பர் பிளேட் இந்தக் காருக்கு வருவதே சந்தேகம்.

அதைவிட முக்கியம், விண்டேஜ் பதிவுள்ள காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் போய் வருவதும், ஏற்காடு பயணமும்தான் உங்கள் ஆசை என்றால், செலவு கூடினாலும் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பழைய காரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். வயதை மட்டும் வைத்து ஓட்டத் தடை விதித்தது டெல்லி வட்டாரத்தில். இங்கே தகுதிச் சோதனையில் தேறி, கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் ஓட்டலாம்.

விலையை எப்படிக் கணக்கிடுவது

லண்டன் விலையை ரூபாயாக்கி, சுங்க வரியைக் கூட்டி "இது மலிவு" என்று சொல்வது விற்பவருக்குச் சாதகமான கணக்கு. வரி காரின் மதிப்பு ஆகாது. இங்கே ஒருவர் உண்மையில் என்ன கொடுத்து வாங்குகிறார் என்பதுதான் மதிப்பு. இணையத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. கைமாறிய விலையை அறிய, இதே ரகக் கார் வைத்திருப்பவர்களிடம் நேரில் கேட்க வேண்டும். பெங்களூரில் கர்நாடகா விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப், சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் ஆர்வலர்கள், மனம் விட்டுப் பேசுவார்கள். இந்தக் குறிப்பிட்ட காரையே அறிந்தவர்கூட அங்கே இருக்கலாம்.

பாடி உறுதியான, பேப்பர் சரியான கார் எந்த விலைக்குக் கைமாறியது என்று தெரிந்தபின் அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கணக்குக்கு: நல்ல கார் 17 லட்சம் என்று தெரியவந்தது, டிங்கர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் 4.5 லட்சம், பாகங்களும் பிரேக் வேலையும் 2 லட்சம், உங்கள் தலையில் விழும் பேப்பர், வரிச் செலவு 1.5 லட்சம் என்றால், இந்தக் காருக்கு அதிகபட்சம் 9 லட்சம். இந்த எண்கள் வழியைக் காட்டத்தான், உங்கள் எண்களை நீங்கள் எழுதி வாங்குங்கள். துரு வேலை திறந்து பார்த்தபின் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே டிங்கர் எஸ்டிமேட்டில் பாதியை மேலே சேர்த்து வைப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த 9 லட்சமும் 6.75 லட்சமாகக் குறையும். எம்ஜிபிக்கு 1988 முதல் முழுப் புது பாடிகூட இங்கிலாந்தில் செய்கிறார்கள், எந்தத் தகடும் கிடைக்கும். கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து வந்து நிற்கும்போதுதான் விலை தெரியும்.

ஏமாந்தால் என்ன வழி?

நுகர்வோர் ஆணையம் இதற்கு உதவாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொழிலாக விற்பவருக்கு எதிராகத்தான். தன் வீட்டுப் பழைய காரை ஒருமுறை விற்கும் தனிநபர் அதில் வரமாட்டார். டீலர் மூலம் வாங்கினால் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தனிநபர் என்றால் சிவில் நீதிமன்றம்தான். 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது பொது விதி. குறையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தது மட்டுமே பெரும்பாலும் மோசடி ஆகாது. தெரிந்தே பொய் சொன்னால் மோசடி. அதனால் கேட்டு, எழுதி வாங்குங்கள்: விபத்தில் சிக்கியதா, சில் வெட்டி ஒட்டியதா, எஞ்சின் மாற்றியதா, கடன் ஏதும் நிலுவையா. நான்கு கேள்விக்கும் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, உங்களுக்கும் சாட்சி வேண்டும்.

வாங்கியபின் காப்பீட்டு மதிப்பை நிறுவனத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு தாண்டிய வாகனத்துக்கு மதிப்பைக் கணக்கிடும் தேய்மான அட்டவணை கிடையாது. பழுது பார்த்த பில்களையும் போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள்.

நகையைப் பற்றி

உங்கள் மனைவி சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன். நாளை விலை ஏறும், முதலீடு என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கார்களுக்கு இங்கே வாங்குவோர் மிகக் குறைவு. பணம் தேவைப்படும் மாதத்தில் விற்க முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மாம்பழ விளைச்சல் பொய்த்த ஆண்டில் அடகு வட்டி ஏறிக்கொண்டிருக்க, கார் டிங்கர் பட்டறையில் பிரித்துக் கிடக்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 14 லட்சம் என்பது காரின் விலை, துரு வேலை, பேப்பர், டிரக் வாடகை எல்லாவற்றுக்கும் சேர்த்த எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகிழ்ச்சிக்காக வாங்குங்கள், அது போதுமான காரணம்.

இது கைகூடாவிட்டால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் பாருங்கள். 1961 முதல் நம் மெட்ராஸிலேயே தயாரான கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் உருவானதே ஹெரால்டின் சேசிஸ் அடிப்படையில்தான். தனிச் சேசிஸ் இருப்பதால் பாடியைக் கழற்றி வைத்துவிட்டே துரு வேலை செய்யலாம். பதிவுக் கட்டணமும் உள்நாட்டுக் கணக்கில் வரும். கோவாவில் தயாரான சான் ஸ்டார்மின் பாடி ஃபைபர், துரு பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் இரும்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் விற்பவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "கார் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றி, பதிவைப் புதுப்பித்தபின், லிப்ட்டில் ஏற்றிப் பார்க்க அனுமதியுங்கள். பார்த்தபின் என் விலையைச் சொல்கிறேன். ஒத்துவந்தால் அன்றே அட்வான்ஸ் தருகிறேன்." கோயம்புத்தூர்க்காரர் அதற்குள் வாங்கிக்கொண்டால் வாங்கட்டும். சம்மதித்தால், லிப்ட்டில் எடுத்த சில் படங்களையும், சேசிஸ் எண் தகட்டின் படத்தையும், டிங்கரின் எஸ்டிமேட்டையும் எனக்கு அனுப்புங்கள். விலையைச் சேர்ந்து கணக்குப் போடுவோம்.